கண்ணாடிப் பாத்திரங்களோடு ஒரு பிரயாணம்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் இல்லங்களில் எழும் கேள்வி, "இவ்வாண்டு எங்கே போவது?" என்பதாகும். பிள்ளைகள் ஒரு மலையின் பெயரைச் சொல்வார்கள். இல்லத்தலைவி செலவைக் கணக்கிட்டு வேறொரு பெயரைச் சொல்வார். மூலையில் அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருக்கும் நன்னியை மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவர், "நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். அதை அவருடைய விருப்பம் என்றே எடுத்துக்கொண்டு நாமும் புறப்பட்டு விடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் விருப்பம் இல்லை, அச்சமே இருக்கிறது என்பதை உணர எனக்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன. அந்த எட்டு ஆண்டுகளில் கற்றதைத்தான் இங்கே உங்களிடம் சொல்ல விழைகிறேன்.

நான் மதுரையில் பிறந்து போடிநாயக்கனூருக்கு வாழ்க்கைப்பட்டவள்; பெண்கள் மதரஸாவில் பாடம் நடத்துபவள். ஏலமலையின் அடிவாரத்திலேயே வசிப்பதால், "பாட்டி, தாய், மகள், பேத்தி எல்லாரும் சேர்ந்து நாலு நாள் தங்கி ஓய்வெடுக்க எந்த ஊர் ஏற்றது?" என்று உறவினர்கள் என்னிடம் கேட்பது வழக்கம். முன்பெல்லாம் அழகான ஊர்களின் பெயர்களை அடுக்குவேன். இப்போது, "உங்களில் மூத்தவருக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?" என்று முதலில் கேட்கிறேன்.

பெருமானார் நிதானிக்கச் சொன்ன பிரயாணம்

"ஓய்வுக்காக ஊர் போவதெல்லாம் நமக்குத் தகுமா?" என்று ஐயுறும் தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். பூமியில் சுற்றிப் பார்த்துப் படைப்பின் தொடக்கத்தைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் நம்மை அழைக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு பிரயாணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் நடத்திய செய்தியை அபூதாவூத் நூலில் காண்கிறோம். வரம்புக்குட்பட்ட மகிழ்ச்சியை மார்க்கம் நமக்கு மறுக்கவில்லை.

இன்னுமொரு செய்தி இதைவிட நம் தலைப்புக்கு நெருக்கமானது. ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது. ஒரு பிரயாணத்தில் பெண்கள் அமர்ந்திருந்த ஒட்டகங்களை அன்ஜஷா என்பவர் ஓட்டிச் சென்றார். இனிய குரலுடைய அவர் பாடப் பாட ஒட்டகங்கள் விரைந்தன. அது கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், ஒட்டகத்தின் மேலிருப்பவர்களைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டு, நிதானமாக ஓட்டுமாறு அன்ஜஷாவுக்கு அறிவுறுத்தினார்கள். பிரயாணத்தின் வேகத்தை, விரைந்து போக வல்லவர்களைக் கொண்டு அவர்கள் முடிவு செய்யவில்லை; மேலே அமர்ந்திருந்தவர்களின் நிலையைக் கொண்டே முடிவு செய்தார்கள். இந்த ஹதீஸைப் பல ஆண்டுகள் மாணவியருக்குப் போதித்தவள் நான். ஆயினும் என் சொந்தத் தாயாரை அழைத்துச் சென்றபோது அதை மறந்துபோனேன்.

நாங்கள் செய்த பிழை

அது 2016 மே மாதம். தாயார், பெரியம்மா, நான், என் இரு தங்கையர், பெண் பிள்ளைகள் என்று வேனில் புறப்பட்டோம். ஐந்தே நாட்களில் கொடைக்கானல், மூணாறு, தேக்கடி மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். காகிதத்தில் அது மிக அழகாக இருந்தது.

நடந்தது என்ன? பகலெல்லாம் வளைவுகளில் வண்டி சுழன்றது. தாயார் மூன்று முறை வாந்தி எடுத்தார். இரவில் புதிய ஊர், புதிய அறை; பைகளைப் பிரிப்பதும் விடிந்தால் கட்டுவதுமாகப் பொழுது கழிந்தது. சிக்கனம் கருதிச் சமையற்கட்டு உள்ள விடுதிகளைத் தேடி எடுத்திருந்தோம். அதனால் வீட்டில் அடுப்படியில் நின்ற அதே பெண்கள் மலைமேலும் அடுப்படியில் நின்றார்கள். இடம் மாறியது அடுப்புக்கு மட்டும்தான்.

மூன்றாவது ஊரில் எங்களுக்குக் கிடைத்த அறை, சாலையிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட வெளிப்படிகளின் மேல் இருந்தது. இரவெல்லாம் மழைத்தூறல். பஜ்ருக்கு முன் எழுந்த தாயார், எங்களை எழுப்ப மனமின்றி, உளூவுக்கு வெந்நீர் கேட்கத் தாமே படியிறங்கினார். நான்காவது படியில் வழுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு ஆறு வாரங்கள் இருந்தார். சோற்றை நாங்கள்தாம் ஊட்டினோம்.

படியைக் குறை சொல்லிப் பயனில்லை. அறையை எடுக்குமுன், "எத்தனை படி?" என்று நாங்கள் கேட்கவே இல்லை. "ஜன்னலிலிருந்து மலை தெரியுமா?" என்று மட்டும் கேட்டோம். அதன்பின் எங்கே அழைத்தாலும் தாயார், "நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றே சொல்லி வந்தார்.

மூன்று கேள்விகள்

பின்னர் நிதானமாக யோசித்தபோது, பெண்கள் பல தலைமுறையாகச் சேர்ந்து தங்கும் ஊரை மூன்று கேள்விகளால் தேர்ந்தெடுக்கலாம் என்று தோன்றியது.

முதற் கேள்வி: வீட்டின் மூத்த பெண்மணி அந்த இடத்தில் யார் துணையுமின்றிப் படுக்கையிலிருந்து குளியலறைக்கும், அங்கிருந்து வாசலுக்கும் நடக்க முடியுமா? இதில் பல செய்திகள் அடங்கும். அறை தரைத்தளத்தில் இருக்க வேண்டும். குளியலறைத் தரை வழுக்கக் கூடாது. உட்காரும் வகைக் கழிப்பறையும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், பஜ்ரு நேரத்தில் வெந்நீரும் வேண்டும். தொழுவதற்குக் கையில்லாத உறுதியான நாற்காலி இருப்பின் நன்று. நல்ல மருத்துவமனை சமவெளிச் சாலையில் எட்டும் தொலைவில் இருப்பது நல்லது.

இரண்டாம் கேள்வி: அங்கே சமைப்பது யார்? நம் பெண்களுக்கு ஓய்வு என்றால் முதலில் அடுப்பிலிருந்து ஓய்வு. "நாமே சமைத்தால் ஹலால் பற்றிக் கவலையில்லை" என்பர். ஹலாலான இறைச்சியை நாமே வாங்கிக் கொடுத்து, கூலிக்கு ஒருவரை அமர்த்திச் சமைக்கச் சொன்னால் அக்கவலையும் தீரும். அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஒரு நாள் வண்டி வாடகையைக் குறைத்தாலே பெரும்பகுதி ஈடாகிவிடும்.

மூன்றாம் கேள்வி: இளையவர்கள் காலையில் புறப்பட்டு எதையேனும் பார்த்துவிட்டு மக்ரிபுக்குள் திரும்பிவிட அங்கிருந்து வழியுண்டா? மூத்தவர்களுக்காக இளையவர்களைக் கட்டிப்போடுவதும் நியாயமன்று. தங்கும் இடம் ஒன்றாக இருக்கட்டும். போகிறவர் போகட்டும், இருக்கிறவர் இருக்கட்டும். இரவு உணவில் எல்லாரும் ஒன்றாக அமரட்டும்.

நான்கு ஊர்கள், ஒரு முடிவு

இக்கேள்விகளை எங்கள் பக்கத்து ஊர்களுக்குப் பொருத்திப் பார்த்தேன்.

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். 1863-இல் அமைக்கப்பட்ட ஏரியைச் சுற்றிய பாதை சமமானது. அது மூத்தவர்களுக்கு உகந்தது. ஆனால் ஊரோ மேடும் பள்ளமுமானது. குளிர் மூட்டுகளைப் பிடிக்கும். விடுமுறை நாட்களில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். அந்நெரிசல் காரணமாகவே, உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. செல்வோர் அப்போதைய விதிகளை விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

மூணாறு தேயிலையின் பசுமைக்குப் பெயர் பெற்றது. இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகளைக் காணலாம். அவை குட்டி ஈனும் பருவமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவர் என்பதை நினைவில் வையுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அங்கே 2018-இல் பூத்தது. இனி 2030-இல் பூக்க வேண்டும். காணத்தக்க ஊர்தான். ஆனால் விடுதிகள் பெரும்பாலும் சரிவுகளில் இருப்பதால் படிகள் மிகுதி. ஜனவரியில் சில ஆண்டுகள் இரவு வெப்பம் பூஜ்யத்தையும் தொட்டுவிடும். பஜ்ரு உளூவை எண்ணிப் பாருங்கள்!

தேக்கடி அவ்வளவு குளிரில்லை. குமுளியில் கடைவீதியும் பள்ளிவாசலும் அருகருகே உண்டு. படகில் ஏறுவோர் மிதவைச் சட்டையை அணியாமலிருக்கலாகாது. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்ததை மறக்க இயலுமா?

நான்காவதாக நான் எண்ணியது எங்கள் சிலமலையை. போடியிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில், மலைக்கு முன்னே விரிந்த சமநிலத்தில், மாந்தோப்புகளுக்கும் தென்னைகளுக்கும் இடையே உள்ள கிராமம் அது. சுற்றுலா ஏடுகளில் அதன் பெயர் இராது. பார்க்கும்படியான இடம் என்று அங்கே எதுவுமில்லை. அதுவே அதன் சிறப்பு என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. "பார்த்தாக வேண்டும்" என்ற நெருக்கடி இல்லாத ஊரில்தான் ஓய்வு கிடைக்கிறது. அங்கிருந்து போடிக் கடைவீதி சில கிலோமீட்டர். ஹலால் இறைச்சிக் கடைகளும் மருந்துக் கடைகளும் மருத்துவமனையும் அங்கேயே உண்டு. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் தேனி வழியாக க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை சமவெளிச் சாலை. போடிமெட்டு, கம்பம், தேக்கடி, வைகை அணை யாவும் ஒரு பகலில் போய்த் திரும்பத் தக்கவை.

மேலும் ஒரு சௌகரியம் ரயில். 1928-இல் போடப்பட்ட மதுரை - போடி ரயில் பாதை, அகலப்பாதையாக்கும் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காத்திருப்புக்குப் பின், 2023 ஜூன் 15 அன்று போடிக்கு மீண்டும் ரயில் வந்தது. சென்னையிலிருந்தும் வாரம் மூன்று நாள் நேரடி ரயில் தொடங்கியது. கழிவறையும், காலை நீட்டிக்கொள்ள இடமும், குலுக்கல் குறைவும் உள்ள ரயிலே மூத்த பெண்களுக்கு ஏற்ற வாகனம்.

எந்த மாதம்?

ஊரைப்போலவே மாதத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அடிவாரம் வெந்துபோகும். பிப்ரவரி முதல் மே வரை மலைச்சரிவின் புற்கள் காய்ந்து காட்டுத்தீ மூளும் காலம். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலுள்ள குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றோர் தீயில் சிக்கினர். 23 பேர் மாண்டனர். அவர்களில் பலர் பெண்கள். அனுமதியும் வழிகாட்டியும் இன்றி உங்கள் பெண் பிள்ளைகளைக் காட்டு வழிக்கு அனுப்பாதீர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலே தென்மேற்குப் பருவமழை. அடிவாரத்தில் குளிர்ந்த காற்று வீசும், இதமாகத்தான் இருக்கும். ஆனால் மலைச்சாலையை நம்ப முடியாது. 2020 ஆகஸ்டு 6 அன்று மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பின் மீது மலை சரிந்து 70 பேர் மடிந்தனர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. எஞ்சுவது ஜனவரி. வானம் தெளிந்திருக்கும், பகல் இளஞ்சூடு, இரவுக்கு ஒரு சால்வை போதும். தை விடுமுறை நாட்களும் கைகொடுக்கும்.

மஹ்ரமும் தொழுகையும்

பெண்கள் கூட்டமாகச் சென்றாலும் மஹ்ரம் பற்றிய சட்டத்தை மறக்கலாகாது. ஹனஃபி மத்ஹபில், ஸஃபருடைய தூரத்துக்கு, அதாவது சுமார் 77 கிலோமீட்டருக்கு, மஹ்ரமின்றிப் பெண் செல்வது கூடாது. கடமையான ஹஜ்ஜுக்கு நம்பகமான பெண்கள் கூட்டத்தோடு செல்லலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபில் உள்ள சலுகை, ஓய்வுப் பிரயாணத்துக்குப் பொருந்தாது என்பதே அந்த மத்ஹபில் பெரும்பான்மையோர் கருத்து. ஐயமிருப்பின் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். எங்களோடு என் தம்பியும், பெரியம்மாவின் பேரனும் வந்தார்கள். அவர்களுக்கு வெளித்திண்ணையை ஒட்டிய அறை. கடைக்குப் போவது, வண்டி பேசுவது, பைகளைத் தூக்குவது மூன்றும் அவர்கள் பொறுப்பு என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம்.

தொழுகையில் ஒரு சுவையான நிலை எங்களுக்கு வாய்த்தது. மதுரையிலிருந்து போடி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணத்தோடு வந்ததால் அவர்கள் முஸாஃபிர்கள். நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கித் தொழுதனர். ஊர்வாசியான நான் முழுமையாகத் தொழுதேன். போடியிலிருந்து மூணாறு வரை சென்றாலும் 77 கிலோமீட்டர் ஆகாது என்பதால், அங்கே போய் வருவதாலும் எனக்கு அச்சலுகை இல்லை! ஷாஃபிஈ சகோதரிகள், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்கும் எண்ணமிருந்தால் முழுமையாகத் தொழ வேண்டும்; அதற்குக் குறைந்தால் சுருக்கலாம், இரு தொழுகைகளைச் சேர்க்கவும் செய்யலாம். ஹனஃபிகளுக்குச் சேர்க்கும் சலுகை இல்லை என்பதால் வெளியே சுற்றும் நாளில் லுஹருக்கும் அஸருக்கும் இடம் எங்கே என்று முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

கிப்லாவைத் தேட வேண்டிய சிரமமும் இல்லை. எங்கள் பகுதிக்குக் கிப்லா, மேற்கிலிருந்து சற்று வடக்கே. மேற்கில் மலை நிற்கிறது. வாசலில் முஸல்லாவை விரித்தால் முகம் மலையை நோக்கியிருக்கும்.

நாட்கள் கழிந்த விதம்

2024 ஜனவரியில் தாயாரை மீண்டும் அழைத்தபோது அவர் வழக்கமான பதிலையே சொன்னார். "ஒரே ஒரு வீடு, படி கிடையாது, ரயிலில் வருகிறோம்" என்றேன். நெடுநேரம் யோசித்தார். "ரயில் போடிக்கு வருகிறதா?" என்று கேட்டார். இளம் வயதில், போடிக்கு வாழ்க்கைப்பட்ட பெரியம்மாவைப் பார்க்க மீட்டர் கேஜ் ரயிலில் அவர் எத்தனையோ முறை வந்தவர். அந்த ரயில்தான் அவரைச் சம்மதிக்க வைத்தது.

அறிந்தவர் ஒருவரின் தோட்ட வீட்டை வாடகைக்கு எடுத்தோம். எழுபத்து நான்கு வயதுத் தாயார், எழுபத்தொன்பது வயதுப் பெரியம்மா தொடங்கி, பெரியம்மாவின் மூன்று வயதுக் கொள்ளுப்பேத்தி வரை ஒன்பது பெண்கள். முன்னதாகவே நான் அங்கே சென்று படுக்கையிலிருந்து குளியலறை வரை கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தேன். ஓரிடத்தில் வாசற்படி தடுக்கியது. அங்கே தென்னைநார் மிதியடியை மடித்துப் போட்டோம். போடிக் கடையில் இலவம் பஞ்சுத் தலையணைகள் வாங்கி வைத்தேன். இலவம் பஞ்சுக்குப் பெயர்போன ஊரில் கழுத்து வலியோடு உறங்குவானேன்?

சமையலுக்கு அவ்வூர்ப் பெண்மணி ஒருவரை அமர்த்தினோம். முதல் இரு நாட்கள் பெரியம்மா சமையற்கட்டின் வாசலில் நின்று, "மல்லியைக் குறை, பட்டையைக் கூட்டு" என்று உத்தரவிட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போகவே மறந்துவிட்டார். பூத்திருந்த மாமரத்தடியில் இரு சகோதரிகளும் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து, ஐம்பதாண்டுக் கதைகளைப் பேசிக்கொண்டிருந்தனர். பேத்திமார் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு அக்கதைகளைக் கேட்க வந்து அமர்ந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் இளையவர்கள் என் தம்பியோடு போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்குப் போய், ஏலத் தோட்டத்தைப் பார்த்து வந்தார்கள். பறித்த பச்சைக்காயை அறையில் சூடேற்றி உலர்த்துவதையும், ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ ஏலக்காய் மிஞ்சுவதையும் கண்டு வந்து சொன்னார்கள். பூப்பாறைக்கு அப்பால் சின்னக்கானல், சூரியநெல்லிப் பக்கம் யானைகள் நடமாடுவதால் பொழுது சாயுமுன் திரும்பிவிடச் சொல்லியிருந்தேன். அங்கே பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை 2023 மே மாதம் கம்பம் நகருக்குள்ளேயே வந்ததை இப்பகுதியார் மறக்கவில்லை. மூன்றாம் நாள் எல்லாருமாக வைகை அணைக்குப் போனோம். 1959-இல் திறக்கப்பட்ட அந்த அணையின் பூங்காவில் சமமான நடைபாதைகள் உண்டு. மூத்தவர்கள் நடந்தும் அமர்ந்தும் மகிழ்ந்தார்கள்.

பஜ்ருக்குப் பின் தினமும் சாலையில் ஜீப்புகளின் ஓசை கேட்கும். மலைத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்துக்கொண்டு போவார்கள். மாலையில் அப்படியே இறங்குவார்கள். எங்களுக்குச் சமைத்தவரின் மகளும் அவர்களில் ஒருத்தி. ஒரு மாலை தாயார் அவளிடம், "மேலே குளிருமாமே, தாயி?" என்று கேட்டார். "குளிரப் பாக்க நேரம் ஏதுங்கம்மா?" என்று அவள் சிரித்தாள். அன்றிரவு தாயார் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் சமையற்காரரிடம், "நாளை ஒருவேளை நாங்களே சமைக்கிறோம். நீயும் உன் மகளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், கூலி குறையாது" என்றார். ஓய்வு என்பது நமக்கு மட்டும் உரியதன்று என்று எங்களுக்குப் பாடம் நடத்தியவர், மதரஸா பக்கமே ஒதுங்காத என் தாயார்தான்.

நான்காம் நாள் காலை பெரியம்மா, "மேலே என்னதான் இருக்கிறது? நானும் பார்க்க வேண்டும்" என்றார். எனக்கு 2016 நினைவுக்கு வந்து நெஞ்சு படபடத்தது. போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுநரிடம் அன்ஜஷாவின் வரலாற்றைச் சொன்னேன். அவர் முஸ்லிமல்லர், ஆனால் உடனே புரிந்துகொண்டார். இரண்டு மூன்று வளைவுக்கொருமுறை வண்டியை ஓரமாக நிறுத்தினார். நாங்கள் இறங்கிக் காற்று வாங்கினோம், இஞ்சி மென்றோம். விரைந்தோடும் வண்டி பாதி நேரத்தில் ஏறிவிடும் மலையை நாங்கள் ஒன்றரை மணி நேரத்தில் ஏறினோம். எவருக்கும் வாந்தியில்லை.

உச்சியில் நின்று பார்த்தபோது போடியும் சுற்றியுள்ள ஊர்களும் தோப்புகளும் கீழே விரித்த பாய்போல் கிடந்தன. வரலாறு படித்தவள் என்பதால், அந்நாளில் மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்குக் கம்பிவட வழியே இறக்கி, அங்கிருந்து வண்டிகளில் போடிக்குக் கொண்டு வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். தாயார் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பெரியம்மாவின் கையைப் பிடித்தபடி, "அக்கா, நம் வீடு எங்கே தெரிகிறது?" என்று தேடிக்கொண்டிருந்தார்.

கடல் கடந்தாலும் இதே கணக்கு

இந்தச் செய்தி உறவினரிடையே பரவியதும், ஜெர்மனியில் வசிக்கும் என் தங்கை மகள் அங்கிருந்து பேசினாள். தன் தாயையும் மாமியாரையும் வரவழைத்து, முஸ்லிம்களின் அடிச்சுவடு உள்ள ஓர் ஐரோப்பிய ஊரில் ஒரு வாரம் தங்க விரும்புவதாகவும், ஸ்பெயினின் கிரனடாவா போஸ்னியாவின் சரயேவோவா என்றும் கேட்டாள். நான் அந்த ஊர்களைக் கண்ணால் கண்டவளல்லள். படித்தறிந்ததைக் கொண்டு அதே மூன்று கேள்விகளைக் கேட்டேன்.

கிரனடாவில் அல்ஹம்ரா மாளிகை இருக்கிறது. அதற்கெதிரே அல்பைசின் என்னும் பழைய முஸ்லிம் குடியிருப்பும், அங்கே 2003-இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலும் உள்ளன. ஆனால் அல்பைசின் குன்றின் சரிவில் அமைந்தது. சந்துகள் செங்குத்தானவை, கல் பாவியவை. சரயேவோவின் பழைய கடைவீதியாகிய பஷ்சார்ஷியா, ஆற்றோரச் சமநிலத்தில் உள்ளது. பதினாறாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட காஜி ஹுஸ்ரவ் பே பள்ளிவாசல் அதன் நடுவே இருக்கிறது. ஹலால் உணவைத் தேடி அலைய வேண்டியதில்லை. டிராமில் ஏறினால் இலிஜா. அங்கிருந்து மரநிழற்சாலையில் குதிரை வண்டியில் போஸ்னா ஆற்றின் ஊற்றுக்குப் போகலாம். மலை பார்க்க விரும்பும் இளையவர்களுக்கு, போரில் அழிந்து 2018-இல் மீண்டும் திறக்கப்பட்ட திரெபெவிச் கம்பிவட ஊர்தி உண்டு. எனவே சரயேவோவில் தங்குவதே நன்று, அல்ஹம்ராவை முழங்கால் வலிக்காத வயதினர் தனியே பார்த்து வரட்டும் என்றேன். "கடைவீதிக்கு அருகே, தரைத்தளத்தில் அறை எடு, மலை தெரிகிறதா என்று பிறகு கேள்" என்றும் சொன்னேன்.

அன்புச் சகோதரிகளே! உங்கள் ஊர் காயல்பட்டினமாகவோ, வாணியம்பாடியாகவோ, கொழும்பாகவோ இருக்கலாம். உங்களுக்கேற்ற சிலமலை உங்கள் ஊருக்கருகிலும் இருக்கும். அடுத்த விடுமுறைக்கு ஊரின் பெயரைச் சொல்லுமுன், மூலையிலிருக்கும் அந்த மூத்த பெண்மணியின் அருகே போய் அமருங்கள். அவர், "வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால், "உங்களுக்கு அங்கே எது அச்சம்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கொண்டே ஊரைத் தேர்ந்தெடுங்கள். வல்ல அல்லாஹ் நம் பிரயாணங்களை எளிதாக்கி, நம் தாய்மார்களின் துஆவை அவற்றின் பலனாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.

ஐந்தாம் நாள் போடி நிலையத்தில் தாயாரை வழியனுப்பினேன். இலவம் பஞ்சுத் தலையணை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் அமர்ந்தார். முறிந்து கூடிய வலக்கையால் என் கையைப் பற்றியவாறு, "அடுத்த வருஷமும் இந்த ரயில் ஓடுமல்லவா?" என்று கேட்டார்.

"ஓடும் அம்மா, இன்ஷா அல்லாஹ்" என்றேன்.